விளம்பரத்துக்கு எத்தனை நிமிடம்?



ஒரு மணி நேரம் என்பது 60 நிமிடம் என்பதை நம் பிள்ளைகள் சிறு வகுப்பிலேயே கற்றுவிடுகின்றனர். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்துவிட்டாலோ அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அரைமணி நேர நாடகம் என்று அறிவிக்கப்படுவதில் நாடகம் இருபது, இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் தேறுவது அரிது. எஞ்சிய நேரம் சோப்புக்கும் பற்பசைக்கும் தங்க நகைக்கும் உரியதாகிவிடுகிறது. இதற்கு ஓர் எல்லையே இல்லையா என்று கேட்பவர்கள் பலர். எல்லை உண்டு, சட்ட விதியிலேயே அது எழுதப்பட்டது. எழுதப்பட்ட எல்லை நம் வரவேற்பறை வரை ஏன் வந்து சேரவில்லை என்பதையே இம்மாதம் ஆராய எண்ணுகிறோம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-இல் தில்லியில் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தோன்றியது. அக்காலத்தில் விளம்பரம் என்பதே கிடையாது. 1976 சனவரி முதல் நாளிலிருந்துதான் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்றது. பின்னர்த் தொண்ணூறுகளில் தனியார் அலைவரிசைகள் பெருகின. விளம்பரங்களும் கட்டுக்கடங்காமல் பெருகின. ஆகவே கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2006-ஆம் ஆண்டு ஒரு கட்டுப்பாடு சேர்க்கப்பட்டது. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டலாகாது. அதில் வணிக விளம்பரம் 10 நிமிடம், அலைவரிசை தன்னைப் பற்றித் தானே செய்துகொள்ளும் விளம்பரம் 2 நிமிடம் என்பது விதி. விளம்பர நேரம் பத்து விநாடித் துண்டுகளாக விற்கப்படுவது வழக்கம். அக்கணக்கில் பார்த்தால், 12 நிமிடத்தில் 72 துண்டுகளை விற்கலாம். இது குறைவான இடமன்று.

விதி இருந்தும் அதைப் பொருட்படுத்துவார் இல்லை. எனவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012 மே மாதத்தில் தனியே ஓர் ஒழுங்குமுறையைப் பிறப்பித்தது. 12 நிமிடக் கணக்கை அது கடிகார மணிக்கு ஏற்ப வகுத்தது. ஒரு மணியில் மீந்த நேரத்தை அடுத்த மணியில் சேர்த்துக்கொள்ள இயலாது. இன்னும் சில நல்ல நிபந்தனைகளும் அதில் இருந்தன. இரு விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே குறைந்தது 15 நிமிடமும் திரைப்படமாயின் 30 நிமிடமும் நிகழ்ச்சி ஓட வேண்டும். நேரடி விளையாட்டு ஒளிபரப்பில் ஆட்டம் நிற்கும்போது மட்டுமே விளம்பரம் வரலாம். திரையின் ஓரத்தில் விளம்பரம் ஊர்ந்து செல்லலாகாது. விளம்பரத்தின் ஒலி நிகழ்ச்சியின் ஒலியை விஞ்சலாகாது. 2013 மார்ச்சு மாதத் திருத்தத்தில் இவையெல்லாம் நீக்கப்பட்டு, 12 நிமிட எல்லை மட்டும் எஞ்சியது.

இடைவெளி பற்றிய நிபந்தனை போனது பெரிய இழப்பு என்பது நம் கருத்து. கடிகார மணிக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏழு மணிக்குரிய 12 நிமிட விளம்பரத்தை 7.48-க்குத் தொடங்கி எட்டு வரை ஓட்டலாம். எட்டு மணிக்குரிய 12 நிமிடத்தை எட்டிலிருந்து 8.12 வரை ஓட்டலாம். எல்லை மீறப்படவில்லை, எனினும் பார்ப்பவர் தொடர்ந்து 24 நிமிடம் விளம்பரத்தையே பார்த்திருப்பார்!

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். விளம்பரம் வந்தவுடன் பாட்டி காதைப் பொத்திக்கொள்வதும் பேரன் ஒலியைக் குறைக்க ஓடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதே. ஒலியின் உச்ச அளவு நிகழ்ச்சியில் உள்ளதைத் தாண்டாமலே இதைச் செய்ய முடியும். மெல்லிய ஓசைகளையும் உச்சத்துக்கு அருகில் தூக்கி நிறுத்திவிட்டால் சராசரி உயர்ந்துவிடும்; காதுக்கு அது கூச்சலாகவே கேட்கும். அமெரிக்காவில் இதற்கென்றே 2010-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள்.

இனி வழக்குக்கு வருவோம். 12 நிமிட எல்லையை எதிர்த்து அலைவரிசைகள் வழக்காடின. 2013 திசம்பரில் வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்தை அடைந்தது. தீர்ப்பு வரும்வரை அலைவரிசைகள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்று இடைக்கால ஆணை பிறந்தது. அதன்பின் வழக்கு பத்தாண்டுகளுக்கும் மேலாக நீண்டது. அவ்வழக்குத் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை இதற்குள் புதுநன்மை வாங்கி உயர்நிலைப் பள்ளிக்கும் சென்றிருக்கும்.

அலைவரிசைகள் தரப்பில் நியாயமே இல்லை என்று கூற நாம் முன்வரவில்லை. கட்டணம் எதுவும் பெறாத சிறு அலைவரிசைகளுக்கும் செய்தி அலைவரிசைகளுக்கும் விளம்பரமே வாழ்வாதாரம். அவர்கள் துணைக்கு அழைக்கும் முன்னுதாரணமும் வலிமையானது. செய்தித்தாளின் பக்கங்களையும் விளம்பர இடத்தையும் விலையோடு இணைத்துக் கட்டுப்படுத்த முயன்ற சட்டத்தை, 'சகால்' என்னும் மராத்தி நாளிதழ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல் செல்லாதென அறிவித்தது. விளம்பரத்தைக் குறைத்தால் இதழின் விலை ஏறும், வாசகர் குறைவர், கருத்துரிமை நலியும் என்பதே அதன் சாரம். பத்திரிகைக்குப் பொருந்துவது எங்களுக்கும் பொருந்தாதா என்று தொலைக்காட்சியினர் கேட்கின்றனர்.

பொருந்தாது என்றே நாம் கருதுகிறோம். நம் இதழிலும் விளம்பரம் வருகிறது. கிறிஸ்துமஸ் மாதத்தில் துணிக்கடையும் நகைக்கடையும் பின்னட்டையை நிரப்புவதை வாசகர்கள் அறிவர். ஆனால் அச்சிட்ட விளம்பரம் பிடித்துக்கொள்வது இடத்தை. வேண்டாதவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே செல்லலாம். அதனால் அவருடைய நேரத்தில் ஒரு நிமிடமும் குறைவதில்லை. தொலைக்காட்சி விளம்பரம் பிடித்துக்கொள்வது காலத்தை. அதைத் தாண்டிச் செல்ல வழியில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். அதுவும் மாதந்தோறும் சந்தா செலுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேலும், வான் அலைகள் மக்களின் பொதுச் சொத்து என்று அதே உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவுறக் கூறியுள்ளது. பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோருக்கு அளவு விதிப்பது அவர்கள் வாயை அடைப்பதாகாது.

பிற நாடுகளில் இந்த அளவு எவ்வாறு பிறந்தது என்பதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1953 சூன் 2 அன்று இலண்டனில் அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழா நடைபெற்றது. அது நற்கருணை வழிபாட்டோடு கூடிய சமயச் சடங்கு. அமெரிக்காவில் அதை ஒளிபரப்பிய என்.பி.சி. நிறுவனம், விளம்பரங்களோடு நில்லாமல், தன் காலை நிகழ்ச்சியின் செல்லக் குரங்கு ஒன்றையும் இடையே தோன்றச் செய்தது! செய்தி கேட்டுப் பிரித்தானியர் கொதித்தெழுந்தனர். தங்கள் நாட்டில் வணிகத் தொலைக்காட்சியை அனுமதிக்கலாமா என்று அவர்கள் விவாதித்துக்கொண்டிருந்த வேளை அது. 1954-இல் சட்டம் நிறைவேறியபோது, விளம்பரதாரர் நிகழ்ச்சிகளை நடத்தக் கூடாது, விளம்பரம் நிகழ்ச்சியினின்றும் பிரித்தறியுமாறு இருக்க வேண்டும், இயல்பாக அமையும் இடைவேளைகளிலேயே வர வேண்டும் என்னும் கட்டுப்பாடுகள் அதில் இடம்பெற்றன. ஐரோப்பிய நாடுகள் 1989-இல் பொது நெறி வகுத்தபோது, மணிக்கு 12 நிமிடம் என்பதோடு, திருவழிபாட்டு ஒளிபரப்பின் நடுவே விளம்பரம் புகுத்தவே கூடாது என்றும் விதித்தன. எழுந்தேற்றத்துக்கும் நன்மைக்கும் இடையே எண்ணெய் விளம்பரம் வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் அருமை புரியும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை சில நாடுகள் இன்னும் கண்டிப்பானவை. கனடாவின் கியூபெக் மாநிலம் 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரத்தை 1980-இலிருந்தே தடை செய்தது; பொம்மை நிறுவனம் ஒன்று எதிர்த்து வழக்காடியும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-இல் தடையை உறுதி செய்தது. விளம்பரம் எது, நிகழ்ச்சி எது என்று பிரித்தறிய இயலாத வயதினரிடம் வாணிகம் பேசுவது முறையன்று என்பதே காரணம். திருப்பீடத்தின் சமூகத் தொடர்புக்கான அவை 1997-இல் வெளியிட்ட விளம்பர அறநெறி ஏடும் இதையொட்டியே பேசுகிறது. உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு என்னும் மூன்றையும் அது விளம்பரத்துக்கு அளவுகோலாக வைக்கிறது.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி, விளம்பர நெறி மீறப்பட்டதாக எண்ணும் எவரும் அலைவரிசைக்கே எழுத்தில் முறையிடலாம். முறையீடு கிடைத்ததை அவர்கள் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். 15 நாளுக்குள் முடிவு கூற வேண்டும். அந்த முடிவு நிறைவளிக்காவிடில், மேலும் 15 நாளுக்குள் அலைவரிசைகளின் தன்னொழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். இதற்குக் கட்டணமும் வேண்டியதில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. கைக்கடிகாரமும் ஒரு தாளும் போதும். ஏழு மணியிலிருந்து எட்டு வரை ஒவ்வோர் இடைவேளையும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் வீட்டில் ஒரு பிள்ளை குறித்து வரட்டும். கூட்டிப் பார்த்து 12-ஐத் தாண்டியிருந்தால், அலைவரிசையின் பெயர், நாள், மணி, நிமிடக் கணக்கு ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். பதில் வந்தால் நமக்கும் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் அதையும் தெரிவியுங்கள்.