எர்த் பின்னை உடைக்காதீங்க, ப்ளீஸ்

பெங்களூருக்கு வரும் தமிழன் முதலில் கற்றுக்கொள்ளும் கன்னடம் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி". பஸ் சீட்டுக்கு, பார்க்கிங்குக்கு, மாடி வீட்டுக்காரரின் காலை ஐந்து மணி மிக்சி சத்தத்துக்கு, எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கரண்டுக்கு மட்டும் பொருந்தாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

விஷயம் பேஸ் கிட்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் வீணை, வயலின் கிளாஸோடு நின்ற காலம் போய், இப்போது பி.யு.சி. படிக்கும்போதே பேண்ட் ஆரம்பித்துவிடுகிறார்கள். என் மகள் வாசிப்பது பேஸ். நாலே கம்பி. இளையராஜா பாட்டுகளில் அடியில் தனியாக இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்குமே, அந்த வாத்தியம். ரஹ்மானுக்காக கீத் பீட்டர்ஸ் வாசித்தாரே, அதேதான். ஆம்பை ஆன் செய்து வாசிக்காமல் சும்மா இருந்தாலும் "ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமல். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, சிங்கிள் காயில் பிக்கப் வைத்த கிட்டார் இருக்கும் எந்த வீட்டிலும் இதே கதைதான்.

இதற்கு ஒரு கடையில் எங்களுக்குக் கிடைத்த வைத்தியம்: "சார், ஆம்ப் பிளக்ல மேல இருக்கிற பெரிய பின்னை எடுத்துடுங்க, சத்தம் போயிடும்." சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பி.காம்., எலெக்ட்ரிகல் இன்ஜினியர் இல்லை. ஆனால் கணக்கு டேலி ஆகவில்லை என்பதற்காக வவுச்சரைக் கிழித்துப் போடுகிறவரை எந்த பேங்கிலும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது? பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. கிட்டார் கம்பி அதிர்ந்தால் அதில் கரண்ட் பிறக்கும், அதை ஆம்ப் பெரிதாக்கும். கிட்டார் கம்பி எது, வீட்டு ஒயரிங் எது என்று அந்தக் காயிலுக்குத் தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், ஹோம் யு.பி.எஸ். என்று சுற்றிலும் இருப்பதெல்லாம் அதன் காதில் விழும். நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 சுழற்சி. பேஸில் தடித்த ஈ கம்பியை மூன்றாவது கட்டத்தில் பிடித்தால் வரும் ஜி சுரம் 49. கம்பியைப் பிடிக்காமல் தட்டும் ஜி 98, ஹம்மின் இரட்டிப்போ 100. அதாவது இந்தியாவில் கரண்ட் கிட்டத்தட்ட ஜி-யில் பாடுகிறது! ஜி வாசிக்கும்போது சத்தம் லேசாக அலை அலையாக ஆடுவது இதனால்தான். சிங்கப்பூர், லண்டன், சிட்னி நண்பர்களுக்கும் இதே சுருதிதான். அமெரிக்காவில் 60 என்பதால் அங்கே ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில் எங்கோ அந்தரத்தில் நிற்கும்.

இந்தத் தொல்லை கிட்டார் செய்தவர்களுக்குத் தெரியாததல்ல. ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் கொண்டு வந்தபோது ஒற்றைக் காயில்தான். 1957-ல் அதையே இரண்டு துண்டாக்கி, ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்தார்கள். இரண்டிலும் ஹம் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் சத்தம் மட்டும் நிற்கும். டெபிட்டும் கிரெடிட்டும் மாதிரி :-) கிப்ஸனில் சேத் லவர் 1955-ல் பேடன்ட்டுக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரும் இதே சூத்திரம்தான். 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனித்தனி சிங்கிள் காயில் பிக்கப்புகள், ஒன்றுக்கொன்று தலைகீழ். அதனால் இரண்டு வால்யூம் குமிழையும் முழுதாகத் திறந்தால் ஹம் அடங்கிவிடும், ஒன்றைக் குறைத்தால் திரும்பி வரும். ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

இப்போது அந்தப் பெரிய பின். பேஸில் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு சின்ன ஒயர் இருக்கும். அது நாலு கம்பியையும் கேபிள் வழியாக ஆம்பின் இரும்புப் பெட்டியோடு இணைக்கிறது. அந்தப் பெட்டி, பிளக்கின் பெரிய பின் வழியாக பூமியோடு இணைகிறது. பின்னை எடுத்துவிட்டால் சில சமயம் ஹம் குறையும், உண்மைதான். ஆனால் நாளைக்கு ஆம்புக்குள் ஒரு ஒயர் கழன்று பெட்டியில் பட்டால் 230 வோல்ட் நேராகக் கம்பிக்கு வரும். அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது நம் பிள்ளை. 1972 மே 3-ம் தேதி ஸ்வான்ஸீயில், ஸ்டோன் தி க்ரோஸ் பேண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்துபோனார். கிட்டாரோடு நின்றவர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார், அவ்வளவுதான். ஹம் போகட்டும் என்று பின்னை உடைக்கச் சொல்பவர் சத்தத்துக்கு வைத்தியம் சொல்லவில்லை, சத்தம் போட்டு எச்சரிக்கும் வாயை அடைக்கச் சொல்கிறார்.

பின்னை எடுத்தால் ஹம் ஏன் குறைகிறது? பெரும்பாலும் ஆம்ப் ஒரு சாக்கெட்டிலும், லேப்டாப்போ மிக்சரோ வேறொரு சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஆடியோ கேபிளாலும் இணைந்திருக்கும், எர்த்தாலும் இணைந்திருக்கும். அது ஒரு பெரிய வளையம். அந்த வளையத்துக்குள்தான் ஹம் புகுகிறது. வைத்தியம் ரொம்ப எளிது. எல்லாவற்றையும் ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றால் கிட்டார் நிரபராதி. அப்புறமும் இருந்தால் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் உள்ள டி.ஐ. பாக்ஸ் ஒன்று வாங்கலாம். அது சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது.

வீட்டு எர்த்தே ஒழுங்காக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்த ஊருக்கு 1905-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்துவிட்டது (காவிரி தந்த கரண்ட்தான், அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்). ஆனால் எர்த் விஷயத்தில் இன்னும் எத்தனையோ வாடகை வீடுகள் அரைகுறை. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அதைவிட மோசம், சில எலெக்ட்ரிஷியன்கள் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயர் போட்டு முடித்துவிடுவார்கள். மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர் கூட அதை "ஓகே" என்றுதான் காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஆம்ப், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட். எனவே லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழி எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய குழியானால் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சரியென்றால் கிட்டாருக்கு வரலாம். வாசிக்கும் இடத்திலேயே நின்று மெதுவாக ஒரு சுற்று திரும்புங்கள். திரும்பும்போது ஹம் கூடிக் குறைந்தால் அது காந்தப்புலம். ஆம்பிலிருந்தும் யு.பி.எஸ்.ஸிலிருந்தும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்காருங்கள். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்போடு திரும்பி வந்தவர்கள் அந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை அறையின் அடுத்த மூலைக்குத் தள்ளுங்கள், அதன் வழியாக எர்த் போகிறதா என்றும் பாருங்கள். "ம்ம்ம்" இல்லாமல் "ஸ்ஸ்ர்ர்" என்று இருந்து, கம்பியைத் தொட்டதும் குறைந்தால் அது மின்புலம். நம் உடம்பே ஆன்டெனா. தொட்டதும் குறைவது சகஜம், பயப்பட வேண்டாம். தொட்டதும் கூடினால்தான் உள்ளே ஒயர் தப்பு. இந்த "ஸ்ஸ்ர்ர்" போக, எஸ்.பி. ரோட்டில் காப்பர் டேப் வாங்கி கிட்டாரின் உள்குழியில் ஒட்டி, துண்டுகளின் இணைப்பில் சால்டர் வைத்து, கிரவுண்டோடு சேர்த்தால் போதும். சமையலறை அலுமினியம் ஃபாயில் வேண்டாம், அதில் சால்டர் பிடிக்காது. ஆனால் காப்பர் டேப் காந்த ஹம்மைத் தடுக்காது. டேப் ஒட்டியும் ஹம் போகவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தவர்கள்தான்.

நாய்ஸ் கேட் பெடல் எனக்குப் பிடிக்காது. வாசிக்காதபோது வாயை மூடும், வாசிக்கும்போது ஹம் அப்படியே இருக்கும், நீளும் சுரத்தின் வாலையும் வெட்டிவிடும். கடைசி வழி, சிங்கிள் காயில் வடிவிலேயே உள்ளுக்குள் இரண்டு காயில் வைத்த பிக்கப். நன்றாகவே வேலை செய்யும், விலைதான் கூடுதல். சத்தத்தின் பளபளப்பு கொஞ்சம் மாறுகிறது என்று என் மகள் சொல்கிறாள். என் காதுக்குத் தெரியவில்லை, வாசிப்பவள் அவள்தானே.

அவளுக்குப் பிடித்தது பின் பிக்கப் மட்டும், அதுவும் தனியாக. ஜாஸ் பேஸில் அப்படி வைத்தால் ஹம் இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஆம்ப் பிளக்கில் மூன்று பின்னும் இருக்கிறது.