தராசிலிருந்து தொடங்குக

கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென 1867-இல் கண்டி வரை வந்த இருப்புப்பாதை, கோப்பி நோயுற்று மாண்டு தேயிலை தழைத்த காலத்தில் மேலும் ஏறி, இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமாகிய பட்டிப்பொலவைக் கடந்து, 1924-இல் பதுளையை அடைந்தது. அன்றைய நவீன விஞ்ஞானத்தின் சிகரம் அது. இன்றோ தேயிலை பெரும்பாலும் லொறியில் போகிறது, 1883-இல் தொடங்கிய கொழும்பு ஏலமும் 2020-இல் கொரோனாவின் நிர்ப்பந்தத்தால் கணினித் திரைக்கு மாறிவிட்டது. (நூறாண்டு கடந்த வழக்கத்தை அசைக்க ஒரு தொற்றுநோய் வேண்டியிருந்தது!)

இனி ஒவ்வொரு தேயிலைப் பொட்டலத்தின் பூர்வோத்தரத்தையும் தொலைபேசியிலேயே வாசிக்கலாம் என்கிறார்கள். நன்று, ஆனால் பறித்த சில மணி நேரத்துக்குள் வாட்டுத் தட்டைச் சேராவிடில் தரம் கெடும் கொழுந்தின் சரித்திரம் தொழிற்சாலை வாயிலில் அன்று, மலைச்சரிவில் நிறுக்கும் தராசிலேயே ஆரம்பமாகிறது. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் அங்கேதான் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் அன்றைய வேதனத்தை நிர்ணயிக்கின்றன. ஆகவே மின்தராசு காட்டும் நிறையும் கழிவும் அவள் கையிலேயே, தமிழில் அச்சிட்ட சீட்டாக, அப்போதே கிடைக்க வேண்டும். லண்டன் வாடிக்கையாளருக்கான விவரங்கள் அதன் பிறகு வரட்டும்.