ஒரு ரூபாய்ப் பாக்கெட்டும் நம் பண்டகசாலையும்

மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் நமக்குச் சோறு போடுவது கடல். தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும் சங்கும் மீனும் உப்பும் இன்றும் எத்தனையோ குடும்பங்களைக் காத்து வருகின்றன. அந்தக் கடலில் பிளாஸ்டிக் பொடியாகிக் கலந்து வருகிறது. நம் உப்பளங்களின் உப்பிலேயே நுண்பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதை 2020இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக் காட்டியது. பக்கிள் ஓடை வழியே கடலைச் சேரும் குப்பையில் நம் குளியலறைகளிலிருந்து புறப்பட்டவையும் உண்டு: ஷாம்புப் பாக்கெட், பற்பசைக் குழாய், நாப்கின். இவற்றைக் குறைக்க நம் சங்கம் என்ன செய்யலாம் என்பதை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஷாம்புப் பாக்கெட் நம் தமிழ்நாட்டில் பேர் பெற்ற சரக்கு. கடலூரில் மருந்துத் தொழில் நடத்திய சின்னி கிருஷ்ணன் அவர்கள், செல்வர் வாங்கும் பொருளை ஏழையும் வாங்க வேண்டுமென்று கருதிச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்கும் வழியைக் கண்டார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் அவர்கள் 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் தனித் தொழில் தொடங்கி, ‘சிக்’ ஷாம்புவைப் பாக்கெட்டாகவே கிராமங்களுக்குக் கொண்டு சென்றார். தினக்கூலி பெறுபவர் ஒரு புட்டிக்கு உரிய பணத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க இயலாது. மேலும், சில வகைகளில் அளவுக்கு அளவு கணக்கிட்டால் புட்டியைவிடப் பாக்கெட்டே மலிவு. ஆகவே பாக்கெட் வாங்குபவரை நாம் குறை கூறோம்.

குறை அதன் உறையில் இருக்கிறது. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த உறை அது. அடுக்குகளைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது மிகக் கடினம். எடையும் இல்லை, ஆதலால் பழைய சாமான் வாங்குபவரும் அதைத் தொடுவதில்லை. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் காது குடையும் பிளாஸ்டிக் குச்சிகளையும் தடுத்தது. ஷாம்புப் பாக்கெட்டுகளோ இன்னமும் கடைதோறும் சரம் சரமாகத் தொங்குகின்றன.

தொழில் முனைவோர் உண்டாக்கிய இச்சிக்கலைத் தீர்க்கவும் தொழில் முனைவோர் சிலர் முன்வந்திருக்கின்றனர். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 2010களின் தொடக்கத்தில் எழுந்த ‘அல்கிராமோ’ என்னும் நிறுவனம், வாங்குபவர் தம் பாத்திரத்தையே கொண்டுவந்து வேண்டிய அளவு மட்டும் பெறும் முறையைக் கொணர்ந்தது. சிறிதளவு வாங்குபவருக்கு விலை கூடலாகாது என்பதே அதன் அடிப்படை. நமக்கு அண்மையில், ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய ‘ஈக்கோ ஃபெம்’, துவைத்து மீண்டும் பயன்படுத்தும் பருத்தி நாப்கின்களைக் கிராமப் பெண்களைக் கொண்டு தைத்து வருகிறது.

இவ்விரண்டும் நமக்கு எட்டாதவை அல்ல. முதலாவதாக, நம் பண்டகசாலை சிகைக்காய்த் தூள், பற்பொடி, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை அளந்து விற்கட்டும். அங்கத்தினர் டப்பாவும் புட்டியும் கொண்டு வரட்டும். ஐந்து ரூபாய்க்குக் கேட்டாலும் மனம் கோணாமல் அளந்து கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, பயிரிடுவோர் பீர்க்கங்காயில் சிலவற்றைக் கொடியிலேயே முற்றவிட்டு, உலர்ந்த கூட்டை உடம்பு தேய்க்கும் நாராக்கித் தரலாம். மூன்றாவதாக, கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் பருத்தி விளைகிறது. நெசவு நம் கையில் இருக்கிறது. புதியம்புத்தூரிலோ தையல் தொழில் தழைத்திருக்கிறது. இம்மூன்றையும் இணைத்தால் பருத்தி நாப்கின் நம் மாவட்டத்துச் சரக்காகும். நெசவாளருக்கும் வேலை பெருகும்.

இதற்குத் தடை சொல்வோரும் உண்டு. அளந்து விற்றால் கலப்படமும் அளவுக் குறைவும் புகும் என்பர். அது மெய்யான அச்சமே. உரிய உரிமம் பெற்றவரிடம் மட்டும் சரக்கெடுப்பதும், அங்கத்தினர் கண்ணெதிரே எடை போடுவதும் அதற்கு மருந்து. மழை குறைந்த நம் மாவட்டத்தில் நாப்கின் துவைக்க நீர் ஏது என்று பெண்கள் கேட்பதும் நியாயமே. ஆதலால் எவரையும் வற்புறுத்தலாகாது; வேண்டுவோருக்குக் கிடைக்கச் செய்தால் போதும். பணியாளருக்கு வேலை கூடும் என்பதும் உண்மை. அதற்கான செலவை நிர்வாகக் குழு முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அவர்களில் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலப்படமின்றிச் சரியான அளவில் விற்றே அவர்கள் பேரெடுத்தார்கள். அளவில் நாணயம் என்பது கூட்டுறவின் பழைய முதல். தனிக் கடைக்காரர் செய்யத் தயங்கும் காரியத்தை, வாங்குபவரே உரிமையாளராக இருக்கும் நம் கடை துணிந்து செய்யலாம்.

அடுத்த மகாசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். ஒரே ஒரு கிளையில், சிகைக்காய்த் தூளும் எண்ணெயும் மட்டும், ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம். எத்தனை பேர் டப்பாவுடன் வந்தார்கள், லாப நஷ்டம் என்ன என்பதை இப்பத்திரிகையிலேயே வெளியிடுவோம். அந்தக் கணக்கைக் கண்டு மற்றக் கிளைகள் முடிவு செய்யட்டும்.