பையன் தானாகப் பிழைத்துக்கொள்ள மாட்டான்

“ஆம்பளப் பையன்தானே, எப்படியும் பொழச்சுக்குவான்.” பத்தாம் வகுப்பில் மகன் தவறிவிட்டான் என்றால் தெருவில் நாலு பேர் வந்து இப்படித்தான் தேற்றுகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் இதே எண்ணம்தான். மாணவி இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் போகிறது. பையன் இரண்டு வாரம் வராவிட்டால், ‘எங்கேயாவது வேலைக்குப் போயிருப்பான்’ என்பதோடு விசாரணை முடிகிறது. ‘பொழச்சுக்குவான்’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் பையன்களை நாம் கைகழுவுகிறோம்.

2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாணவிகள் 94.53 விழுக்காடு தேறினார்கள், மாணவர்கள் 88.58. அடுத்த ஆண்டு 95.88, 91.74. பிளஸ் டூவிலும் மாணவிகளே முன்னே நிற்கிறார்கள். ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகம்’ என்று செய்தி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பெண்கள் எத்தனையோ தடைகளைத் தாண்டி வந்தவர்கள். பையன்கள் ஏன் விழுகிறார்கள் என்று கேட்பதால் அந்தப் பெண்களின் பெருமை குறைந்துவிடாது. அரசுக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் வருவதற்கு 2024 ஆகஸ்ட் ஆனது.

முகூர்த்த நாளன்று ஓர் அரசுப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். கடைசி பெஞ்சில் இரண்டு பேராவது தலை கவிழ்ந்து தூங்குவார்கள். அவர்களில் ஒருவனுக்கு முந்தைய இரவு மண்டபத்தில் கேட்டரிங் வேலை. ரிசப்ஷன் பந்தி முடிந்து, இலை எடுத்து, மேசை துடைத்து, மண்டபத்திலேயே ஒரு மூலையில் படுத்து எழுந்து, காலை டிபன் பந்திக்கும் நின்றுவிட்டு வந்திருப்பான். கையில் சில நூறு ரூபாய். வீட்டில் அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் மரியாதை அவனுடைய மதிப்பெண்ணுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. முந்நூறு பேர் உட்காரும் பந்தியில் யாருக்கு ரசம் வரவில்லை என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கத் தெரிந்த பையன் அவன். திருச்சி துவாக்குடியில் அரசின் ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம் இருக்கிறது என்று அவனிடம் யார் சொன்னார்கள்? தூங்கியதற்கு வெளியே நிற்க வைத்தார்கள், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியல் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இந்த வழி எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் கலந்தாய்வு நேரத்தில் இ-சேவை மையத்தில் அலைகிறார்கள்.

“எங்க காலத்துல எங்களுக்கு யார் வழி சொன்னாங்க?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு பதில். தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரியோ, பட்டணத்தில் வேலை வாங்கிக் கொடுத்த மாமாவோ, ஃபீஸ் கட்டிய வாத்தியாரோ உங்களுக்கு இருந்திருப்பார். யோசித்தால் முகம் நினைவுக்கு வரும். அப்படி யாரும் வாய்க்காமல் பாதியில் நின்றுபோனவர்கள் மேடையேறிக் கதை சொல்ல வருவதில்லை.

நாம் விட்ட இடத்தில் யாரோ வந்து உட்காருகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த அச்சம் தருவது. பைக்கில் ஏற்றிக்கொண்டு போகும் அண்ணன், ராத்திரி பரோட்டா வாங்கித் தரும் அண்ணன், குருபூஜைக்கு வேன் பிடிக்கும் அண்ணன், கையில் சாதிக்கயிறு கட்டிவிடும் அண்ணன். “சாப்பிட்டியாடா?” என்று அந்தப் பையனிடம் கேட்கும் ஆளும் அவர்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்களில் அவரோடு படித்த பையன்களே இருந்தார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தக் கைகளுக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை; சாதிவெறி வீட்டுக்குள்ளும் ஊட்டப்படுகிறது. ஆனால் பிறகு மாணவரிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கயிற்றுக்குத் தடை என்ற பரிந்துரை மட்டும் ஊரெல்லாம் விவாதமானது. பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதை டீக்கடையில் யாரும் பேசிக் கேட்கவில்லை. கயிற்றை ஒரு நிமிடத்தில் அறுத்துவிடலாம். கட்டிவிட்ட அண்ணனின் இடத்துக்கு யார் வருவது?

நாலு அடி போட்டால் திருந்திவிடுவான் என்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். அடிக்குப் பயந்தவன் பள்ளிக்கூடத்தை விட்டுத்தான் ஓடியிருக்கிறான். ஆண்டுக்கு ஒருமுறை மைக் பிடித்து ஒரு மணி நேரம் கைதட்டல் வாங்கிப்போகும் தன்னம்பிக்கைப் பேச்சாளரும் போதாது. நான் முதல்வன் திட்டத்தில் 2022 முதல் உயர்கல்வி வழிகாட்டல் நடக்கிறது, நல்லதுதான். ஆனால் பிளஸ் டூவில் கிடைக்கும் ஆலோசனை, ஒன்பதாம் வகுப்பிலேயே மனத்தளவில் வெளியேறிவிட்ட பையனுக்கு எட்டுவதில்லை.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, ஒன்பதாம் வகுப்புப் பையன்களைப் பத்துப் பேருக்கு ஒருவர் என்று ஆசிரியர்களிடம் பிரித்துக் கொடுங்கள். பிளஸ் டூ முடியும்வரை அதே பத்துப் பேர், அதே ஆசிரியர். வாரத்தில் ஒரு பீரியட் பாடம் வேண்டாம், பேசட்டும். சண்டை போட்டவன் ஏன் போட்டான் என்று சொல்லட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை பக்கத்து ஐடிஐ பட்டறைக்கும் பாலிடெக்னிக்குக்கும் கூட்டிக்கொண்டு போகட்டும். முகூர்த்த நாளில் வராதவனின் வீட்டுக்கு அன்றைக்கே போன் போகட்டும். இதற்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது, ஆகவே எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் வேலையை அவர்கள் தலையிலிருந்து இறக்கி, அதற்கென்று தனியாக ஆள் போடுங்கள்.