மனிதரில்லாத மலையா?

இயற்கையை வரைவது குற்றமென்று எவரும் சொல்லார், நாமும் சொல்லோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ரிவர்ஸ்டன் உச்சியை அடைந்து, முகத்தில் அறையும் காற்றில் சிறிது நேரம் நின்றவருக்கு, தூரிகை பிடித்தறியாதவராயினும், அக்காட்சியை எப்படியாவது பதிந்து வைத்துக்கொள்ள வேண்டுமென்ற ஆசை பிறக்காமல் இராது. அந்தக் காற்றின் வேகத்தால் மரங்கள் குள்ளமாகி, முறுகி, பாசி போர்த்து நிற்கின்றன. சற்று அப்பால் பிட்டவல பத்தனையில், பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணில் புல்வெளி பரந்து கிடந்து, திடீரென்று ஓரிடத்தில் நிலம் முடிந்து பள்ளம் தொடங்குகிறது. உலகில் வேறெங்கும் காணக்கிடைக்காத தவளையும் ஓணானும் இம்மலைத் தொடரில் வாழ்கின்றன. இவற்றை வரைவதற்கென்று இளைஞர்கள் குழுவாகக் கூடி மலையேறுகிறார்கள் என்றால், அது மகிழ்ச்சிக்குரிய செய்தியேயாகும்.

நமது கேள்வி வேறு. இம்மலையின் பெயரால் நகரங்களில் நடைபெறும் கண்காட்சிகளில் மலை இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, இலைமூக்கு ஓணான் இருக்கிறது, மனிதன் எங்கே? இரத்தோட்டைச் சரிவிலே கொழுந்து கொய்யும் பெண் எங்கே? ஏலக்காய் உலர்த்தும் சூளையின் புகையில் இருமுகின்ற கிழவன் எங்கே? மலையை வரைந்தவரின் பெயர் சட்டத்தின் கீழ் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. மலையில் வாழ்பவரின் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா?

“இயற்கை ஓவியத்தில் மனிதனுக்கு என்ன வேலை? அரசியலை வாசலிலே விட்டுவிட்டு வாருங்கள்” என்று நண்பர்கள் சிலர் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். தமிழ் படித்த ஆசிரியரும் மாணவரும் இதைக் கேட்டு வாளாவிருத்தல் தகாது. தொல்காப்பியர் நிலத்தைப் பாகுபடுத்தியபோது மலையை வெறும் மலையாகவா நிறுத்தினார்? தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை ஆகியவற்றோடு செய்தியையும், அதாவது அந்நிலத்து மக்களின் தொழிலையும், கருப்பொருளிலே சேர்த்தார். தேனெடுத்தலும் தினை காத்தலும் இல்லாத குறிஞ்சியை நம் முன்னோர் பாடவில்லை. ஆகவே, மனிதனை நீக்கிய இயற்கைதான் தூய இயற்கை என்ற எண்ணம் நம் மரபில் விளைந்ததன்று. அது எங்கிருந்து வந்தது என்பதை அறிய இம்மலையின் வரலாற்றையே கேட்கவேண்டும்.

1840இல் பிரித்தானிய அரசு ஒரு சட்டம் இயற்றியது. உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலமும் சேனை நிலமும் முடிக்குரியன என்று அச்சட்டம் கூறிற்று. பரம்பரை பரம்பரையாக உழுதுண்ட குடியானவன் ஒரே நாளில் தன் நிலத்திலேயே அத்துமீறியவன் ஆனான். அவ்வாறு பறிக்கப்பட்ட மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைத் தின்றன. அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023இல் அவர்களின் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்து வந்தார்கள். காலடிகளால் வரையப்பட்ட அந்தச் சித்திரத்தை எந்த இயற்கைக் கண்காட்சி மாட்டி வைத்தது?

1869இல் இலைநோய் கண்டு கோப்பி வீழ்ந்தது. பின்னர்த் தேயிலை எழுந்தது. மலையின் மேற்பகுதியில் காட்டின் நிழலிலே ஏலம் நடுவது ஒரு காலத்தில் ஊக்கமளிக்கப்பட்ட தொழிலாக இருந்தது. பிற்காலத்தில் அதுவே காட்டுக்குக் கேடென்று தடுக்கப்பட்டது. ஏலச் செய்கை அடிக்காட்டை அழிக்கிறது, அதன் சூளைகள் விறகைத் தின்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. 2000இல் இத்தொடர் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டதையும் நாம் எதிர்க்கவில்லை. காடு அழிந்தால் முதலில் தண்ணீரின்றித் தவிப்பவன் கீழே வயல் உழுபவன்தான். ஆனால், முதலில் காட்டை வெட்டிக் கோப்பி நட்ட துரைமாரின் பங்களாக்கள் இன்று பழம்பெருமையின் சின்னங்களாக வரையப்படுகின்றன. கூலிக்கு ஏலம் பறித்தவனோ காட்டின் பகைவனாகக் காட்டப்படுகிறான். இந்த நீதியைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

இயற்கை ஓவியக் கலையும் அந்தத் துரைமாரின் காலத்தில்தான் இத்தீவில் உருப்பெற்றது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலே ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் சிங்கள ஓவியர் பல்லாண்டுகள் அமர்ந்து இலையையும் மலரையும் நுணுகி நுணுகி வரைந்தார். அவருக்குப் பின் அவருடைய மக்களும் அதே பணியைத் தொடர்ந்தனர். இலங்கையின் வண்ணத்துப் பூச்சிகளைப் பற்றி 1880களில் இலண்டனிலிருந்து வெளிவந்த பெருநூல் அக்குடும்பத்தாரின் கைவண்ணத்தால் ஒளிர்வது. அந்நூலை உலகம் பிரெடரிக் மூரின் நூலென்றே அறியும். 1876இல் இங்கு வந்து சிலகாலம் தங்கி வரைந்து சென்ற மரியான் நோர்த் அம்மையாருக்கோ, 1882 முதல் இலண்டன் கியூ பூங்காவில் தனியொரு மண்டபமே இருக்கிறது. அம்மையாரின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வந்து பார்த்தவருக்கு மண்டபம், இருந்து வரைந்தவருக்கு அடிக்குறிப்பு என்ற முறை அன்றே தொடங்கிவிட்டது என்பதைத்தான் சுட்டுகிறோம்.

அப்படியானால் இம்மலைக்குச் சொந்தமான இயற்கைக் கலைஞர் குழு ஏதேனும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயன் பெயரிட்ட இத்தொடருக்கு நாட்டு வழக்கில் தும்பறை மலை என்று பெயர். ரிவர்ஸ்டன் அதன் வடபால் அமைந்தது. அதே மலையின் மறுபுறத்தில், கண்டிச் சீமையின் தும்பறைப் பள்ளத்தாக்கில், ஹேனவல என்னும் கிராமம் இருக்கிறது. அங்கே கின்னர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்து வருகிறார்கள். ‘தும்பறை ரட்டா கலால’ என்று புகழ்பெற்ற பாய் அது. கற்றாழை போன்ற ‘ஹண’ச் செடியின் மடலைச் சுரண்டி நாரெடுத்து, கழுவி, உலர்த்தி, கையால் திரித்து, பதங்கக் கட்டையின் சிவப்பையும் மரமஞ்சளின் மஞ்சளையும் ஏற்றி, தரையோடு தரையாக அமைந்த தறியில் அமர்ந்து நெய்கிறார்கள். அந்தப் பாயிலே யானை நடக்கிறது, மான் திரும்பிப் பார்க்கிறது, நாகம் நெளிகிறது, பறவையும் பூவும் கொடியும் நேர்கோடுகளின் கட்டுக்குள் அடங்கி நின்று உயிர்பெறுகின்றன. செடியும் மலையினது, சாயமும் மலையினது, உருவங்களும் மலையினவே. இதனினும் மேலான இயற்கைக் கலை எது? இவர்களினும் மூத்த இயற்கைக் கலைஞர் குழு எது?

ஆயினும் இவர்களை நாம் ஓவியர் என்று அழைப்பதில்லை; பாய் முடைவோர் என்கிறோம். ஏன்? சாதிதான் காரணம், வேறொன்றுமில்லை. கண்டி அரசில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலே, அழகிய பாய் நெய்யும் இக்குலத்து ஆண்கள் தலையிலே எதையும் அணியலாகாது என்ற கட்டுப்பாட்டைக் குறித்து வைத்திருக்கிறான். அவர்கள் நெய்த பாய் ஆண்டுதோறும் அரண்மனைக்குச் சேவையாகச் சென்றது. அரசனின் அறைக்குள் அவர்களின் கலை நுழையலாம். அவர்கள் தலைப்பாகை கட்டி ஊர்த்தெருவில் நடக்கலாகாது! கலையை உயர்த்திக் கலைஞனைத் தாழ்த்தும் இந்த வித்தையை நிலப்பிரபுத்துவம் நன்கறிந்திருந்தது.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இத்தகைய கைவினைகளை ஆர்வத்தோடு ஆராய்ந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றோர் நாட்டுக் கலைகளை இழிவாகக் கருதிய காலத்தில் அவர் செய்த தொண்டை நாம் என்றும் மதிப்போம். ஆனால், பழைய சாதி அமைப்பையே கலையின் தாய்மடியென்று அவர் கருதிய இடத்தில் நாம் அவரோடு நிற்க முடியாது. தலைப்பாகை மறுக்கப்பட்டவனின் கைத்திறன் சாதியால் விளைந்ததன்று. சாதியையும் மீறி விளைந்தது.

இக்காலத்துப் பாராட்டு எப்படியிருக்கிறது என்று பார்ப்போம். 2010இல் நக்கிள்ஸ் காடு இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. 2021இல் தும்பறைப் பாய் நெய்யும் கைத்திறன் அதே நிறுவனத்தின் மற்றொரு பட்டியலில் ஏறியது. ஒரே மலைக்கு இரண்டு மகுடங்கள்! ஆனால், முதற்பட்டியலைப் படித்தவர் மலைக்குப் போய்க் காட்டை வரைகிறார். இரண்டாம் பட்டியலைப் படித்தவர் கடைக்குப் போய்ச் சுவர் அலங்காரம் வாங்குகிறார். காடும் கைத்திறனும் ஒரே வாழ்வின் இரு பக்கங்கள் என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? ஹண நார் கிடைப்பது அருகிவிட்டது. அதைப் பதப்படுத்தும் உழைப்போ பெரிது. ஆகவே தறியிலே பருத்தி நூல் நார் இருந்த இடத்தைப் பிடித்து வருகிறது. ஒரு செடியின் குறைவு ஒரு கலையின் குறைவாக மாறுகின்ற இந்நிகழ்ச்சியைக் காட்டிலும் இயற்கை ஓவியர் கவலைப்படவேண்டிய செய்தி வேறு உண்டா?

இங்கு நம்மையும் நாம் குற்றக் கூண்டில் நிறுத்தியாக வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டித் தந்ததால் அவற்றின் அருமையை ஓரளவு உணர்ந்தோம். மலையகச் சிறுகதையைப் போற்றினோம். ஆனால் லயத்துச் சுவரில் கரித்துண்டால் மலையை வரைகின்ற சிறுவனுக்கு ஒரு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தோமா? சிங்களக் கிராமத்துப் பாய் நெய்யும் பெண்ணும் தமிழ்த் தோட்டத்துக் கொழுந்து கொய்யும் பெண்ணும் ஒரே மலையின் இரு பக்கங்களில் ஒரே வகைப் புறக்கணிப்பை அனுபவிப்பதைச் சுட்டி எழுதினோமா? பத்தமடைப் பாயில் படுத்துறங்கிய நாம், அதை நெய்தவரின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லையே! இனவாதிகள் பிரித்து வைத்த இவ்விரு பக்கங்களையும் இணைத்துக் காட்டும் வாய்ப்பு அரசியல்வாதிகளைவிட ஓவியர்களுக்கே அதிகம் இருக்கிறது.

ஆகவே, ரிவர்ஸ்டனுக்குத் தூரிகையோடு ஏறிவரும் இளைஞர் குழுக்களிடம் நாம் சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம். உங்கள் முதற் கண்காட்சியைக் கொழும்பின் குளிரூட்டிய மண்டபத்தில் வையாதீர்கள்; இரத்தோட்டையின் ஒரு தோட்டப் பாடசாலையிலும் இலுக்கும்புரவின் ஒரு கிராம மண்டபத்திலும் வையுங்கள். மலையில் வாழ்பவர் “இது எங்கள் மலைதான்” என்று தலையசைத்த பிறகு அது நகரத்துக்குப் போகட்டும். உங்கள் நீர்வர்ண ஓவியத்தின் அருகில் தும்பறைப் பாயையும் மாட்டுங்கள். ‘கிராமியக் கைப்பணி’ என்று பொதுப்படையாக எழுதிவிடாமல், நெய்தவரின் சம்மதத்தோடு அவர் பெயரை எழுதுங்கள். விற்ற விலையில் அவருக்குச் சேரவேண்டியதைக் கணக்கிட்டுக் கொடுங்கள். ஹணச் செடியை வரைவதோடு நில்லாது, காட்டுக்கு ஊறின்றி அதை நட்டு வளர்க்கும் முயற்சியில் நெசவாளரோடு தோள்கொடுங்கள். சித்திர வகுப்பை லயத்துக் குழந்தைகளுக்கும் திறந்து விடுங்கள். அவர்கள் வரையும் மலையில் உங்களுக்குத் தெரியாத பாதைகள் பல இருக்கும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒரு வகுப்பறை, நான்கு கயிறு, சில ஆணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் பாடசாலையில் அடுத்த சித்திரக் கண்காட்சி நடக்கும்போது, ஒவ்வொரு மலைக் காட்சியின் முன்னும் நின்று, இங்கே யார் உழைக்கிறார், அவர் ஏன் இப்படத்தில் இல்லை என்ற ஒரே கேள்வியைப் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். விடையை அவர்களே வரைந்து காட்டுவார்கள்.