தலைமுழுகச் சொல்லாதீங்க

எங்க ஊர்ப் பக்கம் சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் சரி, எந்தத் தீட்டுன்னாலும் சரி, முதல் வேலை தலைக்குத் தண்ணி ஊத்திக்கிறதுதான். அதே பழக்கத்துல, ஒரு பொண்ணுக்குப் பாலியல் வன்கொடுமை நடந்துடுச்சுன்னு தெரிஞ்சாலும் வீட்டுப் பெரியவங்க, "முதல்ல குளிம்மா, துணிய மாத்து"ன்னுதான் சொல்றாங்க. பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா அந்தத் தண்ணியில போறது அழுக்கு இல்லைங்க, சாட்சி.

இது கிராமத்துக் கதைன்னு நினைக்காதீங்க. 2025 ஜூன் மாசம் தாம்பரம் சானடோரியம் அரசு சேவை இல்லத்துல ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில கைதானது அங்கிருந்த காவலாளி. குரோம்பேட்டைக்குக் கூப்பிடு தூரம்தான் அது.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். ஆனாலும் இதைத் தெரிஞ்சுக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்ல. குளிக்காம, துணி துவைக்காம, முடிஞ்சா வாய் கூடக் கொப்பளிக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும். போட்டிருந்த துணிய பேப்பர் பையில வைக்கணும். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈர விதைய பிளாஸ்டிக்ல கட்டினா பூஞ்சை புடிக்கிற மாதிரிதான் இதுவும். போன்ல வந்த மெசேஜ், போட்டோ எதையும் அழிக்கக் கூடாது. ஏற்கெனவே குளிச்சாச்சா? பரவாயில்ல, அப்பவும் போகணும். கர்ப்பம், எச்.ஐ.வி. ரெண்டையும் தடுக்க மருந்து இருக்கு. 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

போலீஸ்ல புகார் குடுத்துட்டு வான்னு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்ப முடியாது. அரசோ தனியாரோ, இலவசமா வைத்தியம் பாக்கணும்னு சட்டம். மறுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். 'இது எங்க எல்லை இல்ல'ன்னு போலீஸும் சொல்லக் கூடாது, எந்த ஸ்டேஷன்லயும் புகாரைப் பதியணும். ரெண்டு விரல் பரிசோதனைய 2022-லயே சுப்ரீம் கோர்ட் தடை பண்ணிடுச்சு.

அண்ணா பல்கலைக்கழக மாணவிய நினைச்சுப் பாருங்க. 2024 டிசம்பர் 23 ராத்திரி நடந்ததை அந்தப் பொண்ணு மறைக்காம புகார் குடுத்துச்சு. ஆனா அந்த எப்.ஐ.ஆர். வெளிய கசிஞ்சுது. காப்பாத்த வேண்டிய பேரைக் கூடக் காப்பாத்தல. இருந்தாலும் 2025 ஜூன் 2-ல குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 வருஷத்துக்குக் குறைப்பே கிடையாதுன்னு தீர்ப்பாச்சு. ஆறு மாசம் கூட ஆகல. அந்தப் பொண்ணு பயந்து ஒதுங்கியிருந்தா இது நடந்திருக்குமா?

மானம் போயிடும்னு ஊர்ல பேசுவாங்க. காசு வாங்கிக்கிட்டு முடிச்சுக்கன்னு பஞ்சாயத்துக்கு நாலு பேர் வருவாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழன்னா, தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதே குற்றம். மானம் போக வேண்டியது செஞ்சவனுக்குத்தான்.

பட்டணத்துல இருக்கிற நீங்க ஊர்ல இருக்கிற அம்மாவுக்கும் அத்தைக்கும் போன் பண்றப்ப இதைச் சொல்லுங்க. பெண்களுக்கு 181, குழந்தைங்களுக்கு 1098, அவசரத்துக்கு 112. அந்த நேரத்துல பொண்ணு தேடுறது முதல்ல அம்மாவைத்தான். அவங்க தண்ணிக் குடத்தை எடுக்காம போனை எடுக்கட்டும்.