மீனாட்சிபுரத்தின் கதையை எழுதியவர் யார்?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் நடைபெறும் ஆலோசனை பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கிறது. மருத்துவம், பொறியியல், இரண்டும் கிடைக்காவிடில் பி.காம். இதழியலோ காட்சித் தொடர்பியலோ படிக்க விரும்புவதாகப் பிள்ளை வாய் திறந்தால், “அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று வாப்பா கேட்பார். பெண் பிள்ளையாயின் அந்த வினாவும் எழுவதில்லை. பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

இத்துறைகளை நாம் ஒதுக்கி வைத்ததற்குக் கொடுத்த விலையை அறிய 1981ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி மாதம், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. சில மாதங்களில் அச்சிற்றூரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. செய்தியாளர்கள் வந்தனர், அரசியல் தலைவர்கள் வந்தனர், வாஜ்பாயும் வந்தார். வளைகுடாப் பணம் பாய்ந்தது, ஆசை காட்டி மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டுகள் பெரிய எழுத்துகளில் அச்சேறின.

மதம் மாறிய மக்கள் சொன்னதோ வேறு. தலைமுறை தலைமுறையாகச் சுமந்த சாதி இழிவையும், காவல்துறையின் கெடுபிடியையும், படித்து வேலைக்குச் சென்றவரும் சொந்த ஊரில் மதிக்கப்படாத நிலையையும் அவர்கள் எடுத்துரைத்தனர். அதனை நேர்மையாகப் பதிவு செய்த செய்தியாளர்களும் இருந்தனர் என்பதை மறுக்கக் கூடாது. ஆயினும் ‘பெட்ரோ டாலர்’ என்ற ஒரு சொல் அவ்வளவையும் மூடிவிட்டது. அம்மதமாற்றத்தைத் தீண்டாமைக்கு எதிரான கிளர்ச்சியாக விரிவாக ஆராய்ந்த அப்துல் மாலிக் முஜாஹிதின் நூல் 1989இல்தான் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்!

அந்நாளிலும் நம்மிடம் இதழ்கள் இல்லாமல் இல்லை. ‘முஸ்லிம் முரசு’ போன்றவை வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றை வாசித்தவர்கள் பெரும்பாலும் நாமே. பொதுப் பத்திரிகைகளின் ஆசிரியர் குழுவில் அமர்ந்து, “அம்மக்களிடம் கேட்டீர்களா?” என்று வினவும் இடத்தில் நம்மவர் எத்தனை பேர் இருந்தனர்?

நம் முன்னோர் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். வழக்கறிஞரான சித்தி லெப்பை 1882இலேயே கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். பா. தாவூத்ஷா அரசுப் பணியை விட்டு விலகி ‘தாருல் இஸ்லாம்’ நடத்தினார். எழுதுவதும் அச்சிடுவதும் அவர்களுக்கு மார்க்கப் பணியாகவே இருந்தன. எப்போதோ அது வேலை கிடைக்காதவர் செய்யும் வேலை என்றாகிவிட்டது.

ஊதியம் குறைவு என்பது உண்மை. தொடக்க ஆண்டுகளில் பொறியாளரின் வருவாயை எதிர்பார்க்க இயலாது. இரவுப் பணியும் உண்டு. மகளைப் பற்றிய பெற்றோரின் தயக்கத்தையும் நான் எள்ளி நகையாட மாட்டேன். எனினும் செய்தி அறை மட்டுமே இத்துறை அன்று. பதிப்பகங்களில் நூல் செம்மையாக்கம், மெய்ப்புப் பார்த்தல், மொழிபெயர்ப்பு என வீட்டிலிருந்தே செய்யத்தக்க பணிகள் பல உள்ளன. நம் மார்க்க நூல்களில் மலிந்திருக்கும் அச்சுப் பிழைகளைக் கண்டவர்கள் அவற்றின் தேவையை உணர்வார்கள்.

பயிற்சி என்பது நடை அழகு மட்டுமன்று. ஒரு செய்தி வந்தால் அதனைத் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. மூலத்தைச் சரிபார்ப்பது, இரு தரப்பையும் கேட்பது, அவதூறுச் சட்டத்தை அறிவது ஆகியவற்றை இதழியல் வகுப்பு பாடமாகவே கற்பிக்கிறது. கையில் வந்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நமக்கும் அப்பாடம் தேவைதான். அவ்வாறு பயின்ற பிள்ளை, இஸ்லாத்துக்கு வந்தவரின் கதையோடு நம்மை விட்டு விலகியவரின் கதையையும் கேட்டு எழுதும். அதைத் தாங்கும் மனம் நமக்கு வேண்டும். நமக்குச் சாதகமானதை மட்டும் எழுதும் ஒருவரை நாளை எந்த வாசகரும் நம்ப மாட்டார்.

தமிழகத்தில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் இன்றும் நடைமுறையில் உள்ளன. விவாதம் மீண்டும் எழும்போது எழுதப் போவது யார்?

பல ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்குகின்றன. அப்பட்டியலில் பெரும்பாலும் மருத்துவமும் பொறியியலுமே இடம்பெறுகின்றன. வரும் ஆண்டில் இதழியலுக்கோ பதிப்புத் துறைக்கோ ஓர் இடத்தை ஒதுக்குமாறு உங்கள் மஹல்லா நிர்வாகிகளிடம் கேளுங்கள்.